ஓடுறது பெருசில்ல மாப்ள... நிக்கணும்!

விடியக்காலையில போடிநாயக்கனூர் பக்கம் போயிருக்கீங்களா? ஊரே ஏலக்காய் வாசனையில மணக்க, ஏலத்தோட்ட வேலைக்குப் போறவங்களை ஏத்திக்கிட்டு ஜீப்புகள் வரிசையா மலை ஏறும். முந்தல் தாண்டினா போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டினா இடுக்கி மாவட்டம். அந்த ஜீப்புகள்ல சிலதுக்கு உங்க வயசைவிட அதிக வயசு!

அதே ஜாதி ஜீப் ஒண்ணு உங்க சித்தப்பா வீட்டுக் கொட்டாயில, மேல கோழி ஏறி உட்கார, துருப்பிடிச்சு நிக்குதா? 'இதை நாமளே ரெடி பண்ணா என்ன?'னு மனசுக்குள்ள ஒரு பல்பு எரியுதா? வாங்க பாஸ், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

தாத்தா ஒரு மிலிட்டரிக்காரர்!

முதல்ல வண்டியோட ஜாதகத்தைப் பார்த்துடுவோம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவுல வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைத் தயாரிச்சுத் தள்ளின. போர் முடிஞ்சதும் அதையே பொதுமக்களுக்குன்னு மாத்தி விற்க ஆரம்பிச்சது வில்லிஸ். 1945-ல இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கின மஹிந்திரா கம்பெனி, 1947-ல அந்த ஜீப்புகளை வரவழைச்சு இங்கேயே பொருத்த ஆரம்பிச்சது. அந்த வம்சத்துல வந்ததுதான் நம்ம சிஜே-3பி, எம்எம்-540 எல்லாம். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தா கழட்டி மாட்டிடலாம். புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

ஸ்பேனருக்கு முன்னாடி ஆர்.சி. புக்!

ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீங்க. முதல்ல பேப்பரைத் தேடுங்க. ஆர்.சி. புக்ல இருக்கிற சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில இருக்கிறதோட பொருந்துதா? கடன் பாக்கி இருக்கா? வரி கட்டியிருக்கா? எல்லைப் பக்கம்ங்கிறதால வண்டி கேரளா பதிவா இருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படின்னா அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, தேனி டிஎன்-60 நம்பருக்கு மாத்தணும்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் தகுதிச் சோதனையில பாஸ் பண்ணி அஞ்சு அஞ்சு வருஷமா நீட்டிக்கணும். இந்தக் கட்டணம் காருக்கு 600 ரூபாயா இருந்தது. 2022 ஏப்ரல்ல 5,000 ஆயிடுச்சு. 20 வயசு தாண்டின வண்டிக்கு அதைவிட அதிகம். இதையும் பட்ஜெட்ல சேர்த்துக்குங்க.

50 வயசு தாண்டி, ஒரிஜினலா அப்படியே இருக்கிற வண்டின்னா 'விண்டேஜ்' பதிவு உண்டு. 2021-ல வந்த விதி அது. நம்பர் பிளேட்ல 'விஏ'ன்னு கெத்தா இருக்கும். ஆனா தினமும் டியூஷன் சென்டருக்கு ஓட்டிக்கிட்டுப் போக முடியாது. கண்காட்சி, பேரணி மாதிரி விஷயங்களுக்கு மட்டும்தான்!

முக்கியமா ஒண்ணு... துரு எடுக்கிற ஜோர்ல சேசிஸ் நம்பர் மேல கிரைண்டரை ஓட்டிடாதீங்க. நம்பர் அழிஞ்சா வண்டிக்கு அடையாளமே போயிடும். அந்த இடத்துல மட்டும் மண்ணெண்ணெய் தடவி, துணியால மெதுவா துடைங்க.

தட்டிப் பாருங்க... பதில் சொல்லும்!

துருங்கிறது இரும்பும் தண்ணியும் ஆக்ஸிஜனும் சேர்ந்து பண்ற வேலை. மலையில ஓடின வண்டின்னா சேசிஸ் சந்துல ஏலத்தோட்டச் சேறு அப்பிக் கிடக்கும். வெளியே காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ளே ஈரம் தங்கும். அங்கேதான் ஆபத்து ஒளிஞ்சிருக்கும்.

சேறு மொத்தத்தையும் கழுவிட்டு, சின்னச் சுத்தியலால சேசிஸ் நெடுக தட்டுங்க. 'டங்'னு கேட்டா இரும்பு இருக்கு. 'டொப்'புனு கேட்டா சந்தேகப்படுங்க. ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. உள்ளே இறங்கினா அந்த இடம் போச்சு. பிளேட் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடம், பாடி உட்காருற இடம், மேட்டுக்கு அடியில இருக்கிற தரை... மூணையும் விடாதீங்க.

தரைத் தகடு ஓட்டைன்னா வெட்டிட்டு வேற தகடு வெல்டிங் பண்ணிக்கலாம். சேசிஸ்லயே ஓட்டைன்னா அனுபவமுள்ள பட்டறைக்காரர் பார்க்கணும். மேல பட்டி பூசிப் பெயின்ட் அடிச்சா கண்ணுக்குத்தான் அழகு. வளைவுல திரும்பும்போது பட்டி பாரம் தாங்காது!

வீட்டுலயே லேப்!

போல்ட் அசையலையா? இரும்பு துருவா மாறும்போது பருமன் கூடும். அதான் நட்டு அப்படி இறுகிக்குது. டீசல், மண்ணெண்ணெய் எதையாவது ஊத்தி ஒரு ராத்திரி ஊறவிடுங்க. மறுநாள் கொஞ்சம் இறுக்கி, அப்புறம் தளர்த்தி, முன்னும் பின்னுமா அசைச்சா வழிக்கு வரும்.

சின்னச் சின்ன பாகங்களுக்கு பிளஸ் டூ கெமிஸ்ட்ரியே போதும். பிளாஸ்டிக் வாளியில தண்ணி, கொஞ்சம் வாஷிங் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரோட நெகட்டிவ் துருப்பிடிச்ச பாகத்துக்கு, பாசிட்டிவ் ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக் கூடாது. சில மணி நேரத்துல துரு உதிரும். பாசிட்டிவ்ல எவர்சில்வர் மாட்டாதீங்க, அதுல இருந்து நச்சுக் குரோமியம் தண்ணியில கலக்கும். ஹைட்ரஜன் வாயுவும் வரும். அதனால திறந்த வெளியில பண்ணுங்க, பக்கத்துல பீடி, சிகரெட்டுக்குத் தடா! பிரேக், ஸ்டீயரிங் போல்ட்டுகளுக்கு இந்த வைத்தியமே வேணாம். புதுசா வாங்கி மாட்டிடுங்க.

ரொம்ப நாள் நின்ன எஞ்சினை உடனே செல்ஃப் அடிச்சு எழுப்பாதீங்க. பெட்ரோல் எஞ்சின்னா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு, ரெண்டு நாள் கழிச்சுக் கையால சுத்திப் பாருங்க. சுத்தினா பாதி ஜெயிச்சாச்சு.

உயிரோட விளையாடாதீங்க மக்கா... ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகக் கூடாது. ஸ்டாண்டு இல்லேன்னா கனமான மரக்கட்டை, செங்கல் நொறுங்கிடும். காலியான பெட்ரோல் டேங்க் காலி இல்லை, உள்ளே இருக்கிற ஆவியே வெடிக்கும். டேங்குக்கு வீட்டு வெல்டிங் கூடவே கூடாது. பழைய பிரேக் லைனிங் தூசியில கல்நார் இருக்கலாம். வாயால ஊதாதீங்க, ஈரத் துணியால துடைங்க.

இறக்கத்துலதான் பரீட்சை!

இப்போ கிளைமாக்ஸ். எஞ்சின் உறுமுது, பெயின்ட் மின்னுது, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் 'போடிமெட்டு போலாமா மச்சி?'னு ஏறி உட்கார்ந்துட்டாங்க. ஏத்தத்துல எஞ்சின் திணறினா வண்டி நிக்கும், அவ்வளவுதான். இறக்கத்துல பிரேக் கைவிட்டா..?

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட்-3 ஆயிலோட கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி. ஈரம் சேர்ந்தா அது 140 டிகிரி வரைக்கும் இறங்கிடும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா டிரம் சூடேறி, ஆயில் கொதிச்சு, பைப்புல ஆவி உண்டாகும். ஆவியை அமுக்கினா அமுங்கும், அந்த அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. பெடல் தரையைத் தொடும், வண்டி நிக்காது.

சிஜே-3பி மாதிரி பழைய ஜீப்புல இன்னொரு சிக்கல். நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். துருவுல ஒரு பைப் ஓட்டையானா நாலும் போச்சு!

அதனால பெயின்ட் காசை எடுத்து முதல்ல இங்கே போடுங்க. பைப், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் கப்புகள், ஷூ எல்லாம் புதுசு. புது பிரேக் ஆயில் விட்டு, நாலு சக்கரத்துலயும் ஏர் எடுத்துடுங்க. அவசரத்துக்குன்னு எஞ்சின் ஆயிலை ஊத்திடாதீங்க, ரப்பர் ஊதிக் கெட்டுடும். நீங்களே பண்ணியிருந்தாலும், மலை ஜீப் பார்த்துப் பழகின ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டி ஓகே வாங்குங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.

அப்புறம் காலி மைதானத்துல ஓட்டம். அடுத்து, ஆள் ஏத்தாம முந்தல் வரைக்கும். பெடல் கெட்டியா இருக்கா, வண்டி ஒரு பக்கமா இழுக்குதா, சக்கரத்துக்கு உள்பக்கம் கசிவு இருக்கான்னு பாருங்க. எல்லாம் சரின்னா மட்டும் மலை. ஏறின கியர்லயே இறங்குங்க. எஞ்சினே வண்டியைப் பிடிச்சு வைக்கும், பிரேக் ஆறிக்கும். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல உருட்டுறது வீர விளையாட்டு இல்லை, விபரீத விளையாட்டு!

செமஸ்டர் லீவுல முடிச்சுடலாம்னு கணக்குப் போடாதீங்க. சனி, ஞாயிறுன்னு மாசக்கணக்குல இழுக்கும். பெயின்ட் அடிக்கக் காசு பத்தலையா? ப்ரைமரோட ஓட்டுங்க, தப்பில்லை. போடிமெட்டுல டீ குடிச்சுட்டு 17 வளைவும் இறங்கி முந்தல்ல பிரேக்கை மிதிக்கிறீங்க... ஜீப் நிக்குது பாருங்க, அதுதான் பாஸ் உங்க டிஸ்டிங்ஷன்!