மேடை விளக்குகளை ஆளும் சிறு பலகை

கண்ணாடிக்குள் தெரியும் நீலப் பலகை ஆர்டுயினோ ஊனோ. அருகில் எட்டுக் கால்களுடன் இருப்பது மேக்ஸ் 485 சில்லு. அதிலிருந்து கிளம்பும் கேபிள் மேடை விளக்குகளுக்குப் போகிறது.

ஒரு கம்பெனியின் கன்சோல் இன்னொரு கம்பெனியின் டிம்மரை இயக்க வேண்டும் என்பதற்காக, அமெரிக்க மேடைத் தொழில்நுட்ப அமைப்பான யுஎஸ்ஐடிடி 1986-இல் வகுத்த டிஎம்எக்ஸ் 512 என்ற நெறிமுறையில்தான் இந்தப் பலகை விளக்குகளுடன் பேசுகிறது. ஒரே கேபிளில் 512 சேனல்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு. வேகம் நொடிக்கு 2,50,000 பிட். ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் இந்த எண்ணால் மீதமின்றி வகுபடுவது நல்வாய்ப்பு.

சிக்கல் தொடக்கக் குறியில்தான். மதிப்புகளை அனுப்பும் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பு லைன் 92 மைக்ரோநொடிக்குக் குறையாமல் தாழ்நிலையில் இருக்க வேண்டும். ஊனோவின் சீரியல் போர்ட்டில் அதற்கெனத் தனி வசதி கிடையாது. நிரலாளர்கள் கண்ட வழி மிக அழகானது: வேகத்தை 83,333 பிட்டுக்கு இறக்கி ஒரே ஒரு பூஜ்யத்தை அனுப்புகிறார்கள். அது 108 மைக்ரோநொடி நீடிக்கும். உடனே பழைய வேகத்துக்குத் திரும்பி, மதிப்புகளை வரிசையாக அனுப்புகிறார்கள்.

மேக்ஸ் 485 ஒவ்வொரு பிட்டையும் இரு கம்பிகளில் எதிரெதிராக அனுப்புகிறது. இரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் தாக்குவதால், வித்தியாசத்தை மட்டும் படிக்கும் விளக்கை அது பாதிப்பதில்லை. வரிசையின் கடைசி விளக்கில் 120 ஓம் மின்தடை செருக வேண்டும். விட்டுவிட்டால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி, விளக்குகள் கண்டபடி மினுங்கக்கூடும். டிஎம்எக்ஸில் பிழை சரிபார்ப்பு இல்லை. ஆகவே மேடை வாணவேடிக்கையை இதில் இணைக்கக் கூடாது.