வடதுருவ ஒளியும் நார்வேக் கரையோரக் கப்பலும்

மாரிக்கால இரவுகளில் வடவானில் தோன்றும் பச்சொளியைக் கண்ணாரக் காண விழைவோர்க்கு நார்வே நாட்டின் கரையோரக் கப்பல் தக்கதோர் ஊர்தியாம். 1893-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் வித் என்னும் மாலுமி தொடங்கிய இப்போக்குவரத்து, பின்னர் நீட்டிக்கப்பெற்று, பெர்கன் துறைமுகத்தினின்று ருஷிய எல்லையை அடுத்த கிர்க்கெனெஸ் வரை சென்று மீள்கின்றது. 12 நாட்கள் ஆகும். வெப்பநீரோட்டத்தால் அக்கடல் மாரியிலும் உறைவதில்லை.

சூரியனினின்று விரைந்துவரும் மின்துகள்களைப் பூமியின் காந்தசக்தி துருவத்தைச் சூழ்ந்த வளையமொன்றில் செலுத்துகின்றது. ஆங்கு, 100 கிலோமீட்டர்க்கு மேற்பட்ட உயரத்தில், அவை பிராணவாயுவின் அணுக்களைத் தாக்க, அவ்வணுக்கள் பசுமையொளி வீசுகின்றன. இவ்வளையம் டிராம்சோ நகரை ஒட்டிச் செல்வதால், நான்காம் நாள் கப்பல் ஆர்க்டிக் வட்டத்தைக் கடந்த பின்னரே காட்சிக்கு நம்பிக்கையுண்டு. ஆதலின் மீட்சிப் பயணத்தையும் சேர்த்துக் கொள்க. அப்பகுதியை இருமுறை கடக்கலாம்.

இருள் மிகுதியென்று டிசம்பர் மாதத்தையே பலர் நாடுவர். எம் கருத்தில் மார்ச்சு மாதமே நன்று: சமராத்திரியை ஒட்டிக் காந்தப் புயல்கள் மிகுதல் உண்டு, பகலில் மலைகளையும் காணலாம். முழுமதி நாட்களை விலக்குக. முகில் மூடின் எக்கணிதமும் பயன்படாது. செலவிட்ட பெரும்பொருளும் மீளாது. ஒளி நள்ளிரவிலும் தோன்றக்கூடும். கம்பளியுடையைத் தலைமாட்டில் வைத்தே உறங்குக.