விறகு ஒரு பக்கம், அடுப்பு ஒரு பக்கம்

பொருநைக் கரையோரம் – 7

சென்ற வாரம் மாஞ்சோலையில் நின்ற கதை, இந்த வாரம் விறகுக்கட்டோடு அடிவாரத்துக்கு இறங்குகிறது.

பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு பக்கத்து ஊர்களில் ஒரு காலத்தில் பொழுது விடியுமுன்பே பெண்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். தலையில் சும்மாடு, கையில் அரிவாள். திரும்பும்போது 20, 25 கிலோ சுமை. சில கட்டுகள் சொந்த அடுப்புக்கு; மற்றவை ஊருக்குள் வீடுகளுக்கும் காப்பிக்கடைகளுக்கும் விலைக்குப் போகும்.

1962-ல் முண்டந்துறையும் 1976-ல் களக்காடும் சரணாலயங்களாயின. 1988-ல் இரண்டும் இணைந்து தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாயின. சட்டம் இறுகியது. ஆனால் மாலையானால் உலை வைத்துத்தானே ஆகவேண்டும்?

1990-களின் நடுவில் வனத்துறை உலக வங்கி உதவியோடு வேறு வழியில் இறங்கியது. காப்பகத்தின் எல்லையிலிருந்து 5 கி.மீ.க்குள் இருந்த ஏறத்தாழ 150 ஊர்களைக் குறிவைத்து, கிராம வனக்குழுக்கள் அமைந்தன. காட்டை நம்பியிருக்கும் வீடுகள் எவை, அவற்றுக்கு மாற்று என்ன என்று ஊர் ஊராகத் திட்டம் போட்டார்கள். சாண எரிவாயு, கேஸ் அடுப்பு, சுழல்நிதிக் கடன் எல்லாம் வந்தன. பட்டியலில் பிரஷர் குக்கரும் இருந்தது! மரக்கன்று வளர்ந்து விறகாகப் பல வருடம் பிடிக்கும்; குக்கர் அன்றைக்கே விறகை மிச்சம் பிடிக்கும். அந்தத் திட்டத்தில் மிகவும் புத்திசாலித்தனமான செலவு அதுதான்.

இப்படி ஊர்வாரியாகப் பார்க்கும் பழக்கம் உலகத்துக்கே தாமதமாகத்தான் வந்தது. 1970-களில் நாடு முழுக்க எரியும் விறகைக் கூட்டி, காட்டில் விளைவதைக் கழித்து, ‘பற்றாக்குறை’ என்று பயந்தார்கள். வேலி, வரப்பு, புறம்போக்கு, பனைமட்டை எதுவும் அந்தக் கணக்கில் சரியாக ஏறவில்லை. 2002-ஐ ஒட்டி ரூடி ட்ரிகோ, ஒமர் மசேரா போன்றவர்கள் ஐ.நா. உணவு வேளாண் அமைப்போடு சேர்ந்து ‘விஸ்டம்’ என்ற முறையை வகுத்தார்கள். நிலத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு விளைகிறது, எவ்வளவு எரிகிறது என்று வரைபடத்தில் குறிப்பதுதான் அது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு இதே போக்கில் உலகை அளந்து, வெட்டப்படும் விறகில் 27 முதல் 34 சதவீதம் மறுவளர்ச்சியை மிஞ்சியது என்றது. நெருக்கடி மிகுந்த இடங்களில் தெற்காசியாவும் ஒன்று.

தாமிரபரணிப் படுகையை அப்படி வரைந்தால் விசித்திரமான படம் கிடைக்கும். பொதிகையிலிருந்து புன்னக்காயல் வரை ஆறு ஓடும் தூரம் சுமார் 128 கி.மீ. மேற்கே மரம் உண்டு, தொடக்கூடாது. நடுவே நஞ்சையும் வாழையும். அடுப்பு அதிகம், விறகு குறைவு. கிழக்கேயும் வடகிழக்கேயும் மானாவாரி நிலத்திலும் குளத்துக்குள்ளும் சீமைக்கருவேலம்.

1870-களில் அன்றைய சென்னை மாகாணத்துக்குள் விறகுத் தேவையைச் சொல்லித்தான் இந்த மரம் வந்தது. இன்றைக்கு விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டமாகப் புகைவதும் இதுவே.

தேவையும் இடம் மாறிவிட்டது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தரும் சூட்டைச் சாதாரண விறகடுப்பில் பெற, தோராயமாக 200 கிலோ விறகு வேண்டும். அதாவது எட்டு முதல் பத்துத் தலைச்சுமை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் 2015-16-ல் 73 சதவீதம், 2019-21-ல் சுமார் 83 சதவீதம். ஆனால் காருக்குறிச்சி மண்பாண்டச் சூளை கேஸில் எரியாது. உடன்குடிப் பக்கம் விடிலியில் பதநீர் கருப்பட்டிப் பதத்துக்கு வர மணிக்கணக்கில் தீ நிற்க வேண்டும். சிலிண்டர் இருக்கும் வீட்டிலும் வெந்நீர் அடுப்பு பல இடங்களில் முற்றத்தில்தான்.

2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னது. சில மாதங்களில் அதற்குத் தடை வந்தது. நிலத்தடி நீர், மேய்ச்சல், பறவைகள் என்று வாதம் நீண்டது. அடியோடு பிடுங்கிய பிறகு விடிலிக்கும் சூளைக்கும் காப்பிக்கடைக்கும் விறகு எந்தத் திசையிலிருந்து வரும் என்பது அந்த வாதத்தில் ஓரமாகவே நின்றது. கிழக்கே விறகு தீர்ந்தால் கண் மேற்கே மலைக்காட்டின்மேல்தான் விழும்; அதனால்தான் இந்தக் கேள்வியை விறகு லாரிகளிடம் விட்டுவிட முடியாது.

(தொடரும்)