போட்டோ பிரின்ட்: புளோக் கீழே இருக்கும் கடையா, புரொஃபெஷனல் லேபா?

கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும். காகிதத்துக்கு வருவதோ ரொம்பக் கொஞ்சம். திருமணப் படம், பிள்ளையின் முதல் பிறந்தநாள், மாலை போட்டு மாட்டத் தாத்தா பாட்டி படம். அப்படி ஒன்றை பிரின்ட் செய்யும்போதுதான் கேள்வி வரும்: பக்கத்துக் கடையே போதுமா, இல்லை கூடுதலாகக் காசு கொடுத்து லேபுக்குப் போகணுமா?

பெரும்பாலான படங்களுக்குக் கடையே தாராளமாகப் போதும். ஆனால் முகத்தின் நிறம் சரியாக வரணும் என்றாலோ, கையில் இருப்பது ஒரே ஒரு பழைய படம் என்றாலோ, லேபுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது.

அப்படி என்ன வித்தியாசம்?

மெஷின்தான் வித்தியாசம் என்று பலரும் நினைக்கிறோம். பாதிதான் உண்மை. கடையில் நாமே தொட்டு ஆர்டர் செய்யும் இயந்திரங்களில் பெரும்பாலும் ரிப்பன் முறை. மஞ்சள், மெஜென்டா, சயான் நிறங்களை வெப்பம் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் ஏற்றும், மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு விழும். படம் காய்ந்தே வெளியே வரும். சில கடைகளில் இங்க்ஜெட். இன்னும் சில கடைகளில், ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்புக் காகிதத்தில் லேசரால் படத்தைப் பதித்து, ரசாயனத்தில் கழுவி எடுப்பார்கள். லேப்களும் இதே முறையைப் பயன்படுத்துவது உண்டு.

உண்மையான வித்தியாசம், பிரின்ட் ஆகும் முன்னால் படத்தை யார் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கடையில் மென்பொருள் பார்க்கும். லேபில், நிறம் சரிசெய்யப்பட்ட திரையில் ஒரு மனிதர் பார்ப்பார். எந்தக் காகிதத்தில் எந்த நிறம் எப்படி விழும் என்று அவருக்குத் தெரியும். பெரிய படம் என்றால் முதலில் ஒரு சிறு துண்டை பிரின்ட் செய்து பார்ப்பார்.

நம் முகங்களுக்கு இது ஏன் முக்கியம்?

மென்பொருளுக்கு மாப்பிள்ளை யார், திரைச்சீலை எது என்பதெல்லாம் முக்கியமில்லை. மொத்தப் படத்தின் வெளிச்சத்தைப் பார்த்து ஊகிக்கும். கறுத்த முகம், பின்னால் இருண்ட மண்டபம் என்றால் "படம் இருட்டாக இருக்கிறது" என்று வெளிச்சத்தைக் கூட்டும், முகம் வெளிறிப்போகும். வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பேர் நின்றால் தலைகீழாக நடக்கும்: வெளிச்சம் குறையும், முகத்தில் கண்ணும் மூக்கும் மங்கிவிடும். படம் முழுக்கச் சிவப்புப் பட்டுச்சேலை என்றால் சிவப்பைக் குறைக்கப் போய் முகத்தையும் சேர்த்துச் சோகை பிடித்ததுபோல ஆக்கிவிடும்.

இந்தப் பிரச்சினை புதிதல்ல. ஃபிலிம் காலத்தில் லேப்கள் நிறத்தைச் சரிபார்க்க "ஷெர்லி கார்டு" என்ற மாதிரிப் படத்தை வைத்திருந்தன. கோடாக் நிறுவனம் கொடுத்த அந்தப் படத்தில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். பல இனப் பெண்கள் இருக்கும் கார்டு 1990களில்தான் வந்தது.

அதனால் கடையில் கொடுக்கும்போது "நோ கரெக்‌ஷன்" கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட முடியும். முக்கியமான படம் என்றால் முதலில் ஒரே ஒரு 4ஆர் எடுத்துப் பாருங்கள். பொதுவாக 1 வெள்ளிக்குள் முடிகிற சோதனை அது. திரைக்கு வெளிச்சம் உண்டு, காகிதத்துக்கு இல்லை. அதனால் கைத்தொலைபேசித் திரையைப் பாதி வெளிச்சத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

எந்தக் கடையாலும் காப்பாற்ற முடியாதது

வாட்ஸ்அப்பில் வந்த படம். சாதாரணமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். நீளப்பக்கம் சுமார் 1,600 பிக்சல்தான் மிஞ்சும். 6 அங்குல நீள 4ஆர் படத்துக்கு அது போதும். அதையே 12 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் கிடைக்கும். நல்ல பிரின்டுக்கு வழக்கமாகச் சொல்லும் கணக்கு 300. எவ்வளவு நல்ல லேபுக்குப் போனாலும் மங்கல்தான். எடுத்தவரிடம் மூலப் படத்தை "டாக்குமெண்ட்" ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கைத்தொலைபேசிப் படம் பெரும்பாலும் 4:3 வடிவம், 4ஆர் காகிதம் 3:2. அதனால் ஓரம் வெட்டுப்படும். பின்வரிசையில் நிற்கும் உயரமான மாமாவின் தலை போவது இப்படித்தான்.

பழைய படம் என்றால்?

பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் இருக்கிறது, நெகட்டிவ் இல்லை என்றால் லேபுக்கே போங்கள். கைத்தொலைபேசியில் எடுத்தால் பளபளப்பும் சாய்வும் கூடவே வந்துவிடும். குறைந்தது 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யச் சொல்லி, அந்தக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். கீறலைச் சரிசெய்தபின் முகம் பாட்டிதானா என்று அவரை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மென்பொருள் சுருக்கங்களை வழித்தெடுத்து வேறு யாரையோ உருவாக்கிவிடக்கூடும்.

நீண்டகாலம் சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்றால், நிறமி மையில் பருத்திக் காகிதத்தில் பிரின்ட் செய்யும் லேபைக் கேளுங்கள். சாதாரணச் சாய மையைவிட அது மெதுவாகத்தான் வெளிறும். ஃபிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் போர்டு வையுங்கள். சிங்கப்பூர் ஈரப்பதத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது கிழியும்.

பென்கூலன் ஸ்திரீட்டின் சன்ஷைன் பிளாசா போன்ற இடங்களில் பிரின்ட் மலிவுதானே என்று சிலர் கேட்பார்கள். நேம்கார்டுக்கும் துண்டுப்பிரசுரத்துக்கும் சரி. ஆனால் லேசர் பிரின்டரில் டோனர் தூளால் வரும் படம் வேறு, போட்டோ பிரின்ட் வேறு. கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அவசரம் என்றால் பேச்சே வேறு. வீட்டில் துக்கம், நாளைக் காலைக்குள் படம் வேண்டும் என்றால் லேப் வரிசையில் காத்திருக்க முடியாது. அன்றைக்குக் கடையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நாளுக்கு முன் அதே மூலக் கோப்பை லேபுக்கு அனுப்பி, சுவரில் மாட்டும் படத்தைப் பொறுமையாகச் செய்யலாம்.