ஒரு சட்டிக்குள் நான்கு பருவங்கள்

யப்பானில் இலையின் நிறத்தைப் பார்ப்பதற்காகவே மக்கள் பயணம் போகிறார்கள். மேப்பிள் இலைகள் எந்த ஊரில் எந்த நாளளவில் சிவக்கும் என்று, மழைச் செய்தி சொல்வதைப் போலத் தொலைக்காட்சியில் அறிவிக்கிறார்கள். இப்பயணத்துக்கு 'மொமிஜிகாரி', அதாவது மேப்பிள் வேட்டை என்று பெயர். வேட்டை என்றாலும் பார்ப்பதோடு சரி. அந்த மரத்துக்கு இன்னொரு பெயர் 'கயெதே'. தவளையின் கை என்ற சொல்லிலிருந்து வந்தது. விரல் விரலாகப் பிரிந்த இலையைப் பார்த்தவர்களுக்கு இப்பெயர் ஏன் வந்தது என்று சொல்லவேண்டியதில்லை.

நிலத்தில் இருபது முப்பது அடி உயரம் வளரும் இம்மரத்தை, ஆழமில்லாத சட்டியில் ஒரு முழ உயரத்துக்குள் வளர்ப்பதுதான் மேப்பிள் பொன்சாய். இது குள்ள இனம் அல்ல. சட்டியிலிருந்து எடுத்து நிலத்தில் நட்டால் அதுவும் பெருமரமாகிவிடும்.

2018 நவம்பரில் பயிற்சியொன்றுக்காக யப்பான் சென்றிருந்தபோது, ரோக்கியோவுக்கு வடக்கேயுள்ள ஒமியா பொன்சாய்க் கிராமத்துக்குப் போகக் கிடைத்தது. "இதெல்லாம் வசதியானவர்களின் பொழுதுபோக்கு" என்றார் கூட வந்த தோழி. வாங்குபவர்களைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. ஆனால் அந்தக் கிராமம் உருவான கதை வேறு. 1923 செப்டெம்பர் 1ஆம் திகதி ஏற்பட்ட பூமியதிர்ச்சியிலும் தீயிலும் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். ரோக்கியோவில் பாதிக்கப்பட்ட பொன்சாய் வளர்ப்போர் நல்ல மண்ணும் தண்ணீரும் தேடி இடம்பெயர்ந்து, 1925இல் இங்கே குடியேறினார்கள். அவர்கள் தமக்கென விதிகள் வைத்துக்கொண்டார்கள்: ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது பத்துப் பொன்சாய் இருக்கவேண்டும், படலையை யாருக்கும் பூட்டக்கூடாது, மாடிவீடு கட்டக்கூடாது, வேலி உயிர்வேலியாக இருக்கவேண்டும். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் முதலில் எழுதிக்கொண்ட சட்டம் இது என்பது என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

மேப்பிளின் வருடம் வசந்தத்தில் தொடங்குகிறது. 'தெஷோஜோ' என்ற வகை ஏப்ரல் அளவில் குங்குமச் சிவப்பாகத் துளிர்த்துப் பின்னர் பச்சையாகும். இரண்டு மூன்று வருடங்களுக்கு ஒருமுறை, மொட்டு விரியும் முன்பே மரத்தைச் சட்டியிலிருந்து எடுத்து, வேரைக் கத்தரித்துப் புதுமண் இடுவார்கள். துளிர் வரும்போது நடுக்குருத்தைக் கிள்ளி, ஒரு சோடி இலையை மட்டும் விடுவார்கள். கிளையை வளைக்கக் கம்பி சுற்றுவதும் உண்டு. கழற்றப் பிந்தினால் மென்மையான பட்டைக்குள் கம்பி புதைந்துவிடும். அந்தத் தழும்பு வருடக்கணக்கில் மறையாது.

கோடைதான் சோதனைக்காலம். ஒரு கை மண்ணே உள்ள சட்டி சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றவேண்டும். மத்தியான வெயிலுக்கு நிழல் வேண்டும். ஒருநாள் தவறினாலும் இலையின் ஓரம் கருகும். கருகிய இலை இலையுதிர்காலத்தில் சிவக்காது. நவம்பரில் வந்து படம் எடுப்பவர்கள் பார்ப்பது, கோடை முழுவதும் ஒருவர் வெளியூர் போகாமல் ஊற்றிய தண்ணீரைத்தான். தண்ணீர் ஊற்றப் பழகவே மூன்று வருடம் வேண்டும் என்று அவர்களிடம் ஒரு சொல்வழக்கு இருக்கிறது. வீட்டுவேலையை ஒரு வேலையாகவே எண்ணாத எமது சமூகத்துக்கு இதைச் சொல்லிக் காட்டவேண்டும் போலிருந்தது!

இரவு வெப்பநிலை 8 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இலைக்கும் கிளைக்கும் இடையேயான வழி மெல்ல அடைபடுகிறது. பச்சையம் சிதைகிறது. இலைக்குள் தங்கிய சீனியிலிருந்து புதிதாகச் சிவப்பு நிறப்பொருள் உண்டாகிறது. மஞ்சள் அப்படியல்ல, அது முன்பே அங்கே இருந்தது. பச்சை மறைத்து வைத்திருந்தது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால்தான் சிவப்பு தெளியும்.

பின்னர் எல்லாம் உதிர்ந்துவிடும். பலர் அத்துடன் பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறார்கள். அனுபவசாலிகளோ வெறுங்கிளையுடன் நிற்கும் மரத்தையே விரும்பிப் பார்க்கிறார்கள். வெட்டிய இடத்தில் பட்டை வளர்ந்து மூடியதும், கம்பித் தழும்பும், மயிர் போன்ற நுனிக்கிளைகளும் அப்போதுதான் தெரியும்.

எங்கள் ஊரில் வளர்க்கலாமா என்று கேட்பீர்கள். முடியாது. மேப்பிளுக்கு வருடந்தோறும் குளிரில் ஒரு நீண்ட உறக்கம் வேண்டும். எமது வெப்பத்தில் அது சில வருடங்களில் நலிந்து பட்டுவிடும். சட்டியில் வளர்க்க ஆசையென்றால் ஆலும் புளியும் நல்லவை. நிறம் பார்க்க ஆசையென்றால் கொட்டங்காய் மரத்தைப் பாருங்கள். இலை உதிரும் முன் அதுவும் சிவக்கிறது.

இணையத்தில் நீலநிற மேப்பிள் விதை என்று படம் போட்டு விற்கிறார்கள். நீலநிற மேப்பிள் உலகில் இல்லை. விதை உண்மையானதாக இருந்தாலும், மாதக்கணக்கில் ஈரக்குளிரில் வைத்தால்தான் முளைக்கும். அந்தக் காசுக்கு ஒரு நல்ல கத்தரிக்கோல் வாங்கலாம்.