வள்ளல்கள் வந்தனர், வயல் தரிசாயிற்று!

பசித்தவனுக்குச் சோறு போடுவது குற்றமா என்று கேட்கிறார்கள். குற்றமல்ல, தோழர்களே! சோறிடும் கையை நாம் வணங்குகிறோம். ஆனால், ஒரு கையால் சோறிட்டு, மறு கையால் ஏரைப் பிடுங்கினால்? அதற்கும் தருமம் என்றுதான் பெயர் சூட்ட வேண்டுமா?

வெறும் வாதமல்ல இது. ஹெய்ட்டி நாட்டின் கதையைக் கேளுங்கள்.

கியூபாவுக்குக் கிழக்கே, கரிபியன் கடலில் இருக்கிறது ஹெய்ட்டி. அடிமைகளாக விற்கப்பட்ட கறுப்பு மக்கள், ஆண்டைகளை எதிர்த்துப் போரிட்டு 1804-ல் விடுதலை கண்ட நாடு. நமக்குத் தஞ்சை எப்படியோ, அவர்களுக்கு ஆர்ட்டிபோனிட் ஆற்றுச் சமவெளி அப்படி. 1980-களின் தொடக்கத்தில், தன் மக்கள் உண்ட அரிசியில் பெரும் பகுதியை அந்த நாடே விளைவித்துக்கொண்டது.

முதல் அடி பன்றியின் மேல் விழுந்தது. ஹெய்ட்டிக் குடியானவனுக்குப் பன்றிதான் உண்டியல். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளமா, வீட்டில் கலியாணமா, சாவுச் செலவா, பன்றியை விற்பான். பன்றிக் காய்ச்சல் பரவியது. அது அமெரிக்காவுக்கும் தாவிவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1980-களின் தொடக்கத்தில், வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டு நாட்டுப் பன்றிகளைக் கொன்று ஒழித்தார்கள். பதிலுக்கு அமெரிக்கப் பன்றி வந்தது. அதற்கு விலைகொடுத்து வாங்கும் தீவனம் வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். கூரை போட்ட கொட்டகை வேண்டும். தனக்கே இல்லாத வசதியைப் பன்றிக்கு எங்கே தேடுவான் ஏழை?

அடுத்த அடி அரிசியில். கடன் வேண்டுமா, உதவி வேண்டுமா, சந்தையைத் திறந்துவிடு என்றன பன்னாட்டு நிதியமும் வாஷிங்டனும். 1995-ல் அரிசி மீதான இறக்குமதி வரி 3 விழுக்காடாகச் சரிந்தது. அமெரிக்க விவசாயிக்கு அவன் சர்க்கார் மானியம் தருகிறது. ஹெய்ட்டி விவசாயிக்கு யார் தருவார்? கப்பல் கப்பலாக அரிசி வந்து இறங்கியது. நெல் விலை விழுந்தது, உழவனும் விழுந்தான். மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலைநகரின் சேரிகளை நோக்கி நடந்தான்.

2010 ஜனவரி 12-ல் பூமி நடுங்கியபோது, நெருக்கியடித்து மக்கள் வாழ்ந்த அந்தத் தலைநகரம் நொறுங்கியது. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 10-ல், முன்னாள் அமெரிக்க அதிபர் கிளிண்டன் செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அந்த அரிசிக் கொள்கை தம் சொந்த மாநிலமான ஆர்க்கன்சாஸ் விவசாயிகள் சிலருக்கு நன்மை தந்திருக்கலாம், ஆனால் அது தவறு என்றார். நெல் விளைவிக்கும் திறனை ஹெய்ட்டி இழந்துவிட்டதை எண்ணி எண்ணியே தாம் நாளும் வாழவேண்டியிருக்கிறது என்றார். ஒப்புக்கொண்ட நேர்மையைப் பாராட்டுவோம். ஆனால், ஒப்புதல் உலையில் வேகுமா?

பூகம்பத்துக்குப் பிறகு நிவாரணப் பணம் கோடி கோடியாகக் கொட்டியது. அவசர நிவாரணத்தில் ஹெய்ட்டி அரசின் கைக்கு வந்தது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு! மிச்சமெல்லாம் வெளியார் கை வழியே செலவாயிற்று. மருந்தும் கூடாரமும் குடிநீரும் பல உயிர்களைக் காத்தன, மறுக்கவில்லை. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அவர்கள் போன பிறகு, உழவனிடம் மிஞ்சியது என்ன என்பதே நம் கேள்வி.

நாமும் கப்பல் கோதுமை தின்றவர்கள்தாம். பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கிய அதே காலத்தில், 1965 ஜனவரி 14-ல், இந்திய உணவுக் கழகம் பிறந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சையில்! விளைந்த நெல்லை நியாய விலைக்கு வாங்க ஒரு கை இருந்தது. கப்பலை ஏற்றோம், களத்தை மூடவில்லை. அந்தக் களம்தான் பின்னாளில் நமக்குச் சோறு போட்டது.

ஆலைத் தோழனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலாளி தரும் தீபாவளி இனாம் பெரிதா, மாதாமாதம் வரும் கூலி பெரிதா? இனாமைக் காட்டிக் கூலியை வெட்டினால் சும்மா இருப்போமா? நாட்டுக்கும் அதே கணக்குத்தான்.

உதவி என்று யார் வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம். பொருளை எங்கள் உழவனிடம் வாங்குவாயா? வேலையை எங்கள் கைக்குத் தருவாயா? நீ போன பிறகு எங்கள் அடுப்பு எரியுமா?

எரிந்தால் அது உதவி. அணைந்தால் அது வியாபாரம்!