நெஞ்சில் எழுதியவை – 9: செலவு வைக்கும் வாக்கியம்

தனிமனிதர்கள் தமக்கென்று வைத்துக்கொள்ளும் தாரக மந்திரங்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றுள் எது வாழ்க்கையில் இறங்கும், எது வாயோடு நின்றுவிடும்? இந்தக் கேள்விக்கு சிங்கப்பூரின் வடமேற்கிலுள்ள புக்கிட் பாஞ்சாங் வட்டாரம் நல்ல சான்று தருகிறது. அங்குள்ள பள்ளிகளில், நாட்டின் மற்றப் பள்ளிகளைப் போலவே, மாணவர்கள் கொடியின் முன் நின்று, வலக்கையை மடக்கி இடது மார்பில் வைத்துத் தேசியப் பற்றுறுதி சொல்கிறார்கள். இன, மொழி, மத வேற்றுமை பாராட்டாத ஒரு சமுதாயத்தைக் கட்டுவோம் என்பது அதன் சாரம். அதன் மூல வரைவை எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம். 1966 பிப்ரவரியில் கல்வி அமைச்சர் ஓங் பாங் பூன் கருத்துக் கேட்டு அனுப்பிய வரைவுகளைப் படித்துவிட்டு, தாமே ஒன்றை எழுதிக் கொடுத்தார். லீ குவான் இயூ அதைச் செம்மைப்படுத்தினார். மலாய்க்காரர்களும் சீனர்களும் மோதிக்கொண்ட 1964 கலவரங்களுக்கு அப்போது இரண்டு ஆண்டுகூட நிறைந்திருக்கவில்லை. 1966 ஆகஸ்ட் 24 அன்று 529 பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மாணவர்கள் அதை முதன்முதலாகச் சொன்னார்கள்.

தினமும் சொன்னதால் அது உண்மையாகிவிட்டதா? இல்லை. பற்றுறுதி தொடங்கி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளின் மறுவிற்பனை வழியாக மக்கள் இனவாரியாகத் திரளத் தொடங்கினார்கள். பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹௌகாங், அங் மோ கியோ பக்கம் சீனர்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் போகவில்லை. உறவினர் இருக்கும் இடம், பள்ளிவாசலோ கோவிலோ இருக்கும் இடம் என்று இயல்பாகப் போனார்கள். 1989 மார்ச்சில்தான் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன். ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு வைத்தார்கள். இந்தியர் உள்ளிட்ட பிற இனத்தவருக்கு ஒரு புளோக்கில் 13 விழுக்காடு. 2010 முதல் 15. கம்பத்து (கிராமத்து) வீடுகள் இருந்த இடத்தில் எண்பதுகளில் எழுந்த புக்கிட் பாஞ்சாங் நகரத்துக்கும் இதே விதிதான். பள்ளித் திடலில் சொன்ன சொல்லுக்கு அடுக்குமாடியில் ஒரு செயல் கிடைத்தது அப்போதுதான். வீட்டை விற்பவரும் வாங்குபவரும் தம் விருப்பத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வாக்கியம் நம்மிடம் ஒன்றைக் கேட்டுப் பெறும்போதுதான் அது கொள்கையாகிறது என்பது என் வாதம்.

உளவியல் ஆய்வுகளும் இதன் பக்கமே நிற்கின்றன. கனடாவின் ஜோன் வுட்டும் அவருடைய சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் தம்மை அன்புக்குரியவராகப் புகழும் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனநிலை மேலும் சரிந்தது. யாருக்கு அந்த மருந்து தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. மாறாக, ‘இன்ன சூழல் வந்தால் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவெடுப்பவர்கள் எண்ணியதைக் கூடுதலாக நிறைவேற்றுகிறார்கள் என்பதை கோல்விட்சரும் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துக் காட்டினார்கள். நம் ஔவையின் ஆத்திசூடியும் செய், செய்யாதே என்றுதான் பேசுகிறது. நீ சிறந்தவன் என்று குழந்தையைத் தட்டிக்கொடுப்பதில்லை.

மந்திரத்தைச் செயலோடு கட்டலாமா, அது மனத்தை ஒருமுகப்படுத்தத்தானே என்று பக்தர்கள் கேட்கலாம். சிங்கப்பூர்த் தைப்பூசத்தையே எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோவில் வரை காவடி சுமப்பவரின் ‘வேல் வேல்’ முழக்கத்துக்குப் பின்னால் பல நாள் விரதம் இருக்கிறது, சுமை இருக்கிறது, நடை இருக்கிறது. அங்கே நாமமும் உடலுழைப்பும் பிரிக்க முடியாதவை.

இதைவிடக் கனமான மறுப்பு 2009 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் எழுந்தது. பற்றுறுதியின் கொள்கைகளை மீண்டும் உறுதிசெய்யக் கோரி நியமன உறுப்பினர் விஸ்வா சதாசிவன் தீர்மானம் கொண்டுவந்தார். அப்போது மதியுரை அமைச்சராக இருந்த லீ குவான் இயூ எழுந்து, பற்றுறுதி எட்ட விரும்பும் இலக்கே தவிர, இன்றே நடப்பிலுள்ள நிலை அல்ல என்றார். மலாய்க்காரர்களின் தனி நிலையை ஏற்கும் அரசியலமைப்பின் 152ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டினார். அவர் சொன்னதில் நேர்மை இருக்கிறது. எந்தக் குறிக்கோளும் முதல் நாளே கைகூடாது. ஆனால் ‘இது இலக்குதான்’ என்ற பதிலோடு நிறுத்திக்கொண்டால் எந்த வாக்குறுதியையும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கலாம். இலக்கென்றால் இன்றைய தவணை எது என்று கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு.

அந்தத் தவணையை யார் கட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால், அங்குள்ள இந்தியரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் வட்டம் சுருங்குகிறது, சிலருக்கு விலையும் குறைகிறது. ஒற்றுமை எல்லாருக்கும், நட்டம் சிறுபான்மையினருக்கு என்றாகும் நிலை இது. விற்க இயலாமல் தவிக்கும் இத்தகையோரின் வீடுகளைத் தகுதி பார்த்து வீவகவே திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. கொள்கை வந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து! தாமதமானாலும் சரியான திசை என்றே அதைக் கருதுகிறேன். நம் வீடுகளிலும் இதே குறை உண்டு. விருந்தோம்பலே என் கொள்கை என்று கணவர் பெருமைப்பட, நள்ளிரவு வரை அடுப்படியில் மனைவி நிற்கிறார். அது அவருடைய கொள்கை அல்ல, அவர் மனைவியின் உழைப்பு.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாரக மந்திரத்தை இந்த வாரம் ஒரு தாளில் எழுதுங்கள். கடந்த ஓராண்டில் அது உங்களிடமிருந்து பணமோ நேரமோ வாய்ப்போ எதைக் கேட்டு வாங்கியது என்று அதன் கீழே எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், எந்தச் சூழலில், யாருக்காக, எதைச் செய்வீர்கள் என்று அங்கே எழுதி நிரப்புங்கள்.